வெளிநாடு போகும் படையும் கூடவே போகும் காய்ச்சலும்

1943-ல் பர்மா போர்முனையில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைகளின் மருத்துவக் கணக்கைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். காயத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்த வீரர் ஒருவர் என்றால், நோய்க்காக அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா, சீதபேதி, புல்காட்டில் இருக்கும் நுண்ணிய உண்ணிகள் கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் என்று வரிசையாக வந்து, எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே பட்டாலியன்கள் பாதியாகக் கரைந்துகொண்டிருந்தன.

அந்தப் படையின் பொறுப்பை ஏற்ற ஜெனரல் வில்லியம் ஸ்லிம் மருத்துவர் இல்லை. ஆனால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் பிடித்தார். மலேரியாவைத் தடுக்க மெபாக்ரின் என்ற மாத்திரை கையில் இருந்தது. வீரர்கள் அதை விழுங்கவில்லை. கசக்கும், தோல் மஞ்சளாகும், அதற்கு மேல் ஆண்மையே போய்விடும் என்று ஒரு வதந்தி. மாத்திரையை வாங்கிக்கொண்டு ஓரமாகத் துப்பிவிடுவார்கள். ஸ்லிம் முன்னறிவிப்பு இல்லாமல் முழுப் பிரிவுகளைச் சோதிக்கச் சொன்னார். ஒரு பிரிவில் மாத்திரை சாப்பிட்டவர்கள் 95 சதவீதத்துக்குக் குறைவு என்றால், வீரர்களைத் தண்டிக்கவில்லை. அந்தப் பிரிவின் கட்டளை அதிகாரியைப் பதவியிலிருந்து தூக்கினார். மூன்று பேரைத் தூக்கியதும் மற்ற அதிகாரிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் படைகளுக்கு வரும் தொற்றுநோய்களைப் பற்றிப் பேசும்போது பெயர் தெரியாத வைரஸ், அடர்ந்த காடு, விசித்திரமான பூச்சி என்றெல்லாம் கற்பனை ஓடும். அவையும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் பெரும் சேதம் விளைவித்தவை பெரும்பாலும் தெரிந்த நோய்கள்தான். தடுக்கும் வழியும் பல சமயம் தெரிந்தே இருந்தது. அந்த வழி மருந்துப் பெட்டியிலிருந்து வீரரின் உடம்பு வரை போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் எல்லாம் தங்கியிருந்தது. அந்த அளவில் இது மருத்துவரின் பிரச்சினை என்பதைவிடத் தளபதியின் பிரச்சினை.

ஊர் குலைந்த பிறகு போகிறவர்கள்

ஒரே நாட்டுக்கு ஒரு சுற்றுலாப் பயணியும் போகிறார், ஒரு படைப்பிரிவும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பயணி அந்த நாடு ஒழுங்காக இருக்கும்போது போவார். படை அது குலைந்த பிறகு போகும். குடிநீர்க் குழாய்கள் உடைந்திருக்கும். குப்பை அள்ள ஆள் இருக்காது. கொசு ஒழிப்புத் துறை கலைந்திருக்கும். உள்ளூர் மருத்துவர்கள் தப்பிப் போயிருப்பார்கள். அந்த இடத்தில் போய்க் கூடாரம் அடித்து, நெருக்கமாகப் படுத்து, ஒரே சமையற்கூடத்தில் சாப்பிட்டு, சரியாகத் தூங்காமல் வேலை பார்க்க வேண்டும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு கடிப்பது இரவில். காவல் பணியும் ரோந்தும் நடப்பதும் இரவில்தான்.

அதோடு எதிர்ப்புச் சக்தி என்ற விஷயம். மலேரியா நிரந்தரமாக இருக்கும் பகுதியில் பெரியவர்களாக வளர்ந்தவர்கள் சிறுவயதிலேயே பலமுறை கடிபட்டு, பிழைத்து, ஓரளவு தாங்கும் உடம்போடு இருப்பார்கள். அங்கே பிழைக்காமல் போன குழந்தைகளின் எண்ணிக்கைதான் அதற்கான விலை. புதிதாக இறங்கும் இருபது வயது வீரருக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. எவ்வளவு உடற்பயிற்சி செய்து இறுகிய உடம்பானாலும் கொசுவுக்கு ஒன்றுதான்.

இதைப் போர் உத்தியாகவே பயன்படுத்தியவர்கள் உண்டு. இன்றைய ஹைத்தியான சான் டொமிங்குவில் அடிமைகளின் புரட்சியை நசுக்க நெப்போலியன் தன் மைத்துனர் லெக்லெர்க்கின் தலைமையில் அனுப்பிய பெரும்படை 1802-ல் வந்து இறங்கியது. மழைக்காலம் வரும்வரை பெரிய மோதலைத் தவிர்த்துப் பின்வாங்கினால் போதும், மீதியை மஞ்சள் காய்ச்சல் பார்த்துக்கொள்ளும் என்று புரட்சிப் படையின் தலைவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படியே நடந்தது. படையின் பெரும்பகுதி அழிந்தது. அதே ஆண்டு நவம்பரில் லெக்லெர்க்கும் அதே காய்ச்சலில் இறந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1809-ல், நெதர்லாந்துக் கரையோரத் தீவான வால்செரனில் சுமார் 40 ஆயிரம் பிரிட்டிஷ் வீரர்கள் இறங்கினார்கள். சண்டையில் இறந்தவர்கள் நூற்றுச் சொச்சம். காய்ச்சலில் இறந்தவர்கள் சுமார் 4,000. அது வெப்பமண்டலம்கூட இல்லை, ஐரோப்பாவின் சதுப்பு நிலம்.

மலேரியா: மாத்திரை இருந்தும் தோற்ற கதை

படைகளின் நோய் வரலாற்றில் மலேரியாவுக்குத் தனி அத்தியாயம் தேவை. மலேரியா ஒட்டுண்ணியை 1880-ல் அல்ஜீரியாவில் முதன்முதலில் கண்டவர் லாவெரான், பிரெஞ்சு ராணுவ மருத்துவர். 1897-ல் செகந்திராபாத்தில் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டவர் ரொனால்ட் ராஸ், இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராணுவ மருத்துவர். இந்தத் துறையின் அடித்தளத்தில் கணிசமான பங்கு ஏகாதிபத்தியப் படைகளின் மருத்துவமனைகளில் போடப்பட்டது. யாருடைய நலனுக்காக என்பது வேறு விவாதம்.

ஆக, முதல் உலகப்போர் வந்தபோது மலேரியா எப்படிப் பரவுகிறது என்பது தெரிந்துவிட்ட விஷயம். இருந்தும் கிரேக்கத்தின் சலோனிகா போர்முனையில் 1916 முதல் 1918 வரை பிரிட்டிஷ் படைக்கு மட்டும் மலேரியாவால் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைச் சேர்க்கைகள். ஒரே ஆள் திரும்பத் திரும்பப் படுத்ததும் இதில் அடக்கம். சண்டையில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லோரையும் கூட்டினாலும் இதில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாது.

இரண்டாம் உலகப்போரில் நிலைமை இன்னும் சிக்கலானது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனதும் அதுவரை மலேரியாவுக்குக் கொடுத்துவந்த குயினைன் மருந்தின் உலக விநியோகத்தில் பெரும்பகுதி அவர்களிடம் சிக்கியது. நேச நாடுகளுக்கு மிஞ்சியது அட்டப்ரின் என்றும் மெபாக்ரின் என்றும் அழைக்கப்பட்ட செயற்கை மருந்து. எவ்வளவு கொடுத்தால் வேலை செய்யும் என்பதில் குழப்பம். ஆஸ்திரேலிய ராணுவத்தின் நீல் ஹாமில்டன் ஃபேர்லி, கெய்ன்ஸ் நகரில் ராணுவத் தன்னார்வலர்களை மலேரியா கொசுக்களிடம் வேண்டுமென்றே கடிவாங்க வைத்து, மலையேற்றி, களைப்படைய வைத்து, மாத்திரையைத் தினமும் தவறாமல் சாப்பிட்டால் அது காக்கிறது என்று நிரூபித்தார். இன்றைய ஆராய்ச்சி நெறிமுறைக் குழு எதுவும் இதற்குச் சுலபத்தில் ஒப்புதல் தராது. ஆனால் பிரிவுகளில் மலேரியா வந்தால் அது மருந்தின் குறை என்று சொல்லித் தப்பிக்கும் வழியை அந்தச் சோதனை அடைத்துவிட்டது. அதன் பிறகு கேள்வி, மாத்திரையை விழுங்க வைப்பது யார் பொறுப்பு என்பதுதான்.

வியட்நாம் போர் வேறொரு பாடம். அதற்குள் குளோரோகுயின் எல்லோருக்கும் பழகிய மருந்தாகியிருந்தது. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இருந்த ஃபால்சிபேரம் என்ற வகை மலேரியாவோ அதற்கு அடங்க மறுத்தது. சண்டையிட்ட இரு தரப்புக்கும் ஒரே தலைவலி. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் புது மருந்துகளைத் தேடி மெஃப்ளோகுயினில் போய் நின்றது. வட வியட்நாம் சீனாவிடம் உதவி கேட்டது. 1967 மே 23-ல் சீனா ரகசியமாக ஆரம்பித்த திட்டத்துக்கு அந்தத் தேதியையே பெயராக வைத்து 523 என்றார்கள். அதில் சேர்ந்த தூ யூயூவின் குழு ஒரு மூலிகைச் செடியிலிருந்து பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினின்தான் இன்று உலகம் முழுக்க மலேரியா சிகிச்சைக்கு முதுகெலும்பு. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு படையின் அவசரத் தேவை, அந்தப் போரோடு சம்பந்தமே இல்லாத கோடிக்கணக்கான ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் பயன்பட்டது.

சரி, இவ்வளவு மருந்தும் அறிவும் சேர்ந்த பிறகாவது நிலைமை மாறியதா? 2003 ஆகஸ்டில் லைபீரியாவின் மன்ரோவியாவில் அமெரிக்க மரைன் படையினர் இறங்கினார்கள். கரையில் இருந்தது சில நாட்கள்தான். அவர்களில் சுமார் 80 பேருக்கு மலேரியா, பெரும்பாலும் ஆபத்தான ஃபால்சிபேரம் வகை. விசாரித்தபோது தெரிந்தது எல்லாம் பழைய கதை. வாரம் ஒருமுறை போட வேண்டிய மெஃப்ளோகுயின் மாத்திரையைப் பலர் ஒழுங்காகப் போடவில்லை என்று ரத்தப் பரிசோதனை காட்டியது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூசிய சீருடை, உடம்பில் தடவும் கொசு விரட்டி, கொசுவலை எல்லாம் புத்தகத்தில் இருந்தன. ஆட்களிடம் அரைகுறையாகவே இருந்தன. உலகிலேயே அதிகப் பணம் செலவழிக்கும் ராணுவத்தின் கதை இது.

ஆனால் வீரர்கள்மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது. மெஃப்ளோகுயின் சிலருக்குக் கொடுங்கனவு, பதற்றம், மனநிலை மாற்றம், தலைச்சுற்றல் என்று கொண்டுவரும் மருந்து. பல ஆண்டுகளாகப் படையினர் இதைச் சொல்லிவந்தார்கள். 2013-ல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கைப் பெட்டியை அந்த மருந்தின் அட்டையில் போட வைத்தது. சில பாதிப்புகள் மருந்தை நிறுத்திய பிறகும் நீடிக்கலாம் என்றது. இப்போது பெரும்பாலும் டாக்சிசைக்ளின் அல்லது அட்டோவாகோன்-புரோகுவானில் கொடுக்கிறார்கள். இரண்டையும் தினமும் போட வேண்டும். ஊர் திரும்பிய பிறகும் டாக்சிசைக்ளின் நான்கு வாரம், மற்றது ஒரு வாரம் தொடர வேண்டும். வீட்டுக்கு வந்து குடும்பத்தைப் பார்த்த சந்தோஷத்தில் முதலில் மறந்துபோவது இதுதான்.

மறக்காமல் போட்டாலும் இவற்றிடமிருந்து தப்பிவிடும் ஒன்று உண்டு, வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா. இந்த ஒட்டுண்ணி கல்லீரலில் ஒளிந்து பல மாதம் தூங்கும். 1992-93-ல் சோமாலியாவுக்குப் போன அமெரிக்கப் படையினரில் பலர் அங்கே நன்றாகத்தான் இருந்தார்கள். சொந்த ஊர் முகாமுக்குத் திரும்பிய பிறகு காய்ச்சலில் விழுந்தார்கள். 1999-2000-ல் கிழக்குத் திமோருக்குப் போன ஆஸ்திரேலியப் படையினருக்கும் அதேதான் நடந்தது. கல்லீரலில் தூங்கும் வடிவத்தைக் கொல்ல இருப்பவை பிரைமாகுயினும், 2018-ல் ஒப்புதல் பெற்ற டாஃபினோகுயினும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இவை இரண்டுமே சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால், கொடுக்கும் முன் ரத்தம் பார்த்தாக வேண்டும். புறப்படும் முன்னால் முகாமில் உட்கார்ந்து செய்தால் எளிய வேலை, களத்தில் செய்தால் பெரும்பாடு.

வயிறும் கழிப்பறையும்

அடுத்தது யாரும் பெருமையாகப் பேசாத விஷயம். 1900-ல் தென்னாப்பிரிக்கப் போரில், பார்டெபர்க் சண்டையின்போது பிணங்களும் செத்த குதிரைகளும் மிதந்த மோடர் ஆற்றின் தண்ணீரை பிரிட்டிஷ் வீரர்கள் குடித்தார்கள். புளூம்ஃபான்டெய்னுக்குப் போய்ச் சேர்ந்தபோது டைபாய்டு கூடவே போயிருந்தது. அந்தப் போரில் இறந்த சுமார் 22 ஆயிரம் பிரிட்டிஷ் தரப்பு வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது நோய். கொடுமை என்னவென்றால், ஆல்ம்ராத் ரைட்டின் டைபாய்டு தடுப்பூசி அப்போதே வந்துவிட்டது. விருப்பப்பட்டவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டதால் மிகச் சிறு பகுதியினரே போட்டுக்கொண்டார்கள். அடுத்த பெரிய போரில் அந்தத் தவறு திருத்தப்பட்டது. அகழிகளின் அசிங்கத்திலும் டைபாய்டு பெரிதாகத் தலைகாட்டவில்லை.

வயிற்றுப்போக்கு இன்றைக்கும் முதலிடத்தில்தான் இருக்கிறது. 2003-04-ல் ஈராக்கில் இருந்த அமெரிக்கப் படையினரிடம் நடத்திய கணக்கெடுப்பில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது அவதிப்பட்டதாகச் சொன்னார்கள். யாரும் சாகவில்லை என்பதால் செய்தியாகாது. ஆனால் கவச வண்டிக்குள் நாற்பது டிகிரி வெயிலில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அது சாதாரண விஷயம் இல்லை. 2002 மே மாதம் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் பிரிட்டிஷ் கள மருத்துவமனை ஒன்றில் திடீரென்று பலர் கடும் நோயில் விழுந்தார்கள். விழுந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை ஊழியர்களே. என்ன நோய் என்று தெரியாமல் முதலில் பெரும் பதற்றம். கடைசியில் பார்த்தால் நோரோவைரஸ், பள்ளிகளிலும் சொகுசுக் கப்பல்களிலும் வந்துபோகும் வாந்தி-பேதி வைரஸ். தூசி நிறைந்த கூடாரத்தில், தண்ணீர்ப் பற்றாக்குறையில், அது ஒரு மருத்துவமனையையே முடக்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான உதாரணம் மால்டா. அங்கே இருந்த பிரிட்டிஷ் படையினரையும் கடற்படையினரையும் வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887-ல் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தார். அது ஆட்டுப்பாலில் வருகிறது என்று 1905-ல் மால்டாவைச் சேர்ந்த ஸாம்மிட் காட்டினார். படையின் உணவுப் பட்டியலிலிருந்து ஆட்டுப்பாலை நீக்கினார்கள். படைகளில் நோய் மளமளவென்று குறைந்தது. மருந்தே தேவைப்படவில்லை, ஓர் உத்தரவு போதுமாக இருந்தது.

மணல் ஈ, எலி, நத்தை

புதிய இடத்துக்குப் போகும்போது அந்த மண்ணின் உயிரினங்களோடும் மோத வேண்டியிருக்கிறது. ஈராக்கில் 2003-ல் இறங்கிய அமெரிக்கப் படையினருக்கு மணல் ஈக்கள் கொண்டுவந்த பரிசு தோல் லீஷ்மேனியாசிஸ். வாரக்கணக்கில் ஆறாத புண். ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு வந்தது. ஆளைக் கொல்லாது, ஆனால் முகத்தில் தழும்பை விடும். அப்போது கொடுத்த ஆன்டிமனி மருந்து ஊசிக்குப் பலரைத் தாய்நாட்டுக்கே அனுப்ப வேண்டியிருந்தது. மணல் ஈ கொசுவைவிட மிகச் சிறியது, சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். வலைக்கும் மருந்து தெளித்தால்தான் பயன்.

கொரியப் போரில் ஐக்கிய நாடுகள் படையினர் சுமார் 3,000 பேரைக் காய்ச்சல், ரத்தக்கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு என்று ஒரு புது நோய் தாக்கியது. காரணம் என்னவென்று போர் முடியும்வரை தெரியவில்லை, அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தெரியவில்லை. 1976-ல் தென்கொரியாவின் லீ ஹோ-வாங் வயல் எலிகளில் அந்த வைரஸைக் கண்டு, அந்தப் பகுதியில் ஓடும் ஹந்தான் ஆற்றின் பெயரை வைத்தார். இன்று உலகம் முழுக்க அறியப்பட்ட ஹண்டா வைரஸ் குடும்பத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

தண்ணீருக்குள்ளும் நிம்மதி இல்லை. நத்தைகளிலிருந்து வெளிப்படும் சிஸ்டோசோமா புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். 1944-ல் பிலிப்பைன்ஸின் லெய்டே தீவில் பாலம் கட்டத் தண்ணீரில் இறங்கிய அமெரிக்கப் பொறியாளர் பிரிவுகள் இதில் மாட்டின. தைவானைப் பிடிக்கக் கால்வாய்களில் நீச்சல் பழகிய சீன மக்கள் விடுதலைப் படையில் பல்லாயிரம் பேர் இதே புழுவால் படுத்தார்கள்.

காயத்தில் புகுந்தது எங்கிருந்து?

ஈராக் போரில் காயம்பட்டவர்களின் புண்களில் அசினெட்டோபேக்டர் என்ற பாக்டீரியா அடிக்கடி தென்பட ஆரம்பித்தது. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அது அசையவில்லை. ஈராக்கிய மண்ணிலிருந்து குண்டு வெடிக்கும்போது புண்ணில் ஏறுகிறது என்பதுதான் முதல் ஊகம். நம்புவதற்கு வசதியான ஊகமும்கூட. ஆராய்ந்து பார்த்தால் மண்ணிலும் வீரர்களின் தோலிலும் அது அரிதாகவே கிடைத்தது. கிடைத்த இடம் படையின் சொந்தக் கள மருத்துவமனைகளின் தளவாடங்களும் சுற்றுப்புறமும். காயம்பட்டவரைச் சில நாட்களுக்குள் களத்திலிருந்து ஜெர்மனிக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் கொண்டுபோகும் அதிவேக ஏற்பாடு பல உயிர்களைக் காத்தது. அதே வேகத்தில் அந்தப் பாக்டீரியாவும் மருத்துவமனைக்கு மருத்துவமனை பயணம் செய்தது.

கப்பலும் பயிற்சி முகாமும்

புறப்படும் முன்பே ஆரம்பித்துவிடும் ஆபத்தும் உண்டு. பல ஊர்களிலிருந்து இளைஞர்களைக் கூட்டி ஒரே கூடத்தில் படுக்க வைத்தால் சுவாச நோய்களுக்குக் கொண்டாட்டம். 1918 இன்ஃப்ளுவென்சா பயிற்சி முகாம்களிலும் துருப்புக் கப்பல்களிலும் கொழுத்து வளர்ந்தது. அமெரிக்கப் படைகளில் மட்டும் சுமார் 45 ஆயிரம் பேர் அந்தக் காய்ச்சலிலும் அதைத் தொடர்ந்த நிமோனியாவிலும் இறந்தார்கள். நூறாண்டு கழித்து 2020 மார்ச்சில் தியடோர் ரூஸ்வெல்ட் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் சுமார் 4,800 பேரில் 1,200-க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா வந்து, கப்பல் குவாம் தீவில் கட்டிக்கிடந்தது. அடுத்த மாதம் பிரான்சின் சார்ல் டி கோல் கப்பலிலும் பாதிக்கும் மேற்பட்டோருக்கு. அணுசக்தியால் ஓடும் கப்பலானாலும் படுக்கை அடுக்கடுக்காகத்தானே இருக்கிறது.

அடினோவைரஸின் கதையை இங்கே சொல்லாமல் போக முடியாது. புதிதாகச் சேரும் வீரர்களைக் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் தள்ளும் வைரஸ் இது. அமெரிக்கா 1971 முதல் இதற்கு வாய்வழி மாத்திரைத் தடுப்பு மருந்து கொடுத்தது, நோய் கிட்டத்தட்ட மறைந்தது. தயாரித்துவந்த ஒரே நிறுவனம் 1990-களின் நடுவில் உற்பத்தியை நிறுத்தியது. 1999-க்குள் கையிருப்பு தீர்ந்தது. காய்ச்சல் திரும்பியது, சில இளம் வீரர்கள் இறந்தார்கள். மறுபடி மருந்து வர 2011 ஆனது. விஞ்ஞானம் தோற்றதால் வந்த பன்னிரண்டு ஆண்டு இடைவெளி இல்லை இது. வேலை செய்துகொண்டிருந்த ஒன்றுக்குப் பணம் ஒதுக்க யாரும் முன்வராததால் வந்தது.

தடுப்பு மருந்தே நோயைக் கொடுத்த சம்பவமும் உண்டு. 1942-ல் அமெரிக்கப் படைகளுக்குப் போட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் நிலைப்படுத்துவதற்காக மனித சீரம் சேர்த்திருந்தார்கள். அதில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தது. சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேருக்குத் தொற்று, சுமார் 50 ஆயிரம் பேருக்கு மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைவாசம். உத்தரவுப்படி கையை நீட்டுகிறவர்களுக்கு மறுக்கும் உரிமை இல்லை. அதனால் ஊசியின் தரம் பற்றிய பொறுப்பு, வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு கனமானது. ஊசி என்றாலே சந்தேகப்படும் வீரரை முட்டாள் என்று ஒதுக்கும் மேலதிகாரிகள் இந்த வரலாற்றையும் படித்திருக்க வேண்டும்.

எதிர்த்திசையில் ஒரு நோய்

இதுவரை சொன்னதெல்லாம் படைக்கு வந்த நோய். படை கொண்டுபோன நோய்க்கு ஹைத்தியைவிடக் கசப்பான சான்று கிடையாது.

2010 ஜனவரி நிலநடுக்கத்தில் ஹைத்தி நொறுங்கிப் போயிருந்தது. அங்கே ஏற்கெனவே ஐக்கிய நாடுகள் அமைதிப்படை இருந்தது. அக்டோபரில் நேபாளத்திலிருந்து புதிய பிரிவு ஒன்று வந்து மிர்பாலே அருகே இருந்த முகாமில் தங்கியது. அவர்கள் புறப்படுவதற்குச் சற்று முன் நேபாளத்தில் காலரா பரவிக்கொண்டிருந்தது. முகாமின் கழிவு ஒழுங்காகக் கையாளப்படவில்லை; அது போய்ச் சேர்ந்த ஓடை, ஹைத்தியின் மிகப் பெரிய ஆறான ஆர்ட்டிபோனைட்டில் கலக்கிறது. அந்த ஆற்றுநீரில்தான் மக்கள் குளித்தார்கள், துவைத்தார்கள், குடித்தார்கள். நூறாண்டுக்கும் மேலாகக் காலராவே பதிவாகாத நாட்டில், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது. சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

பிரெஞ்சுத் தொற்றுநோய் நிபுணர் ரெனோ பியாரூ களத்தில் தேடி முகாமைச் சுட்டினார். பிறகு மரபணு ஒப்பீடு ஹைத்தியின் பாக்டீரியாவும் நேபாளத்தில் பரவியதும் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டியது. ஐக்கிய நாடுகள் நிறுவனம் முதலில் மறுத்தது. இழப்பீடு கேட்டவர்களின் மனுவை 2013-ல் ஏற்க முடியாது என்றது. வழக்குப் போட்டபோது சட்ட விலக்கைக் காட்டித் தப்பித்தது. 2016 டிசம்பரில்தான் பொதுச் செயலாளர் பான் கி-மூன் ஹைத்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அப்போதும், நோயைப் பரவாமல் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்ற அளவில்தான் சொற்கள் நின்றன. 40 கோடி டாலர் உதவித் திட்டம் ஒன்று அறிவித்தார்கள். அதில் சிறு பகுதிதான் வசூலானது.

அந்த நேபாள வீரர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காலரா தொற்றிய பலருக்கு அறிகுறியே இருக்காது. தாங்கள் எதைச் சுமந்து வருகிறோம் என்று தெரியாமல் வந்தவர்கள் அவர்கள். நோய் பரவும் நாட்டிலிருந்து வீரர்களை வரவழைப்பவர்கள் அவர்கள் புறப்படும் முன் பரிசோதித்திருக்கலாம், அல்லது ஒரு தவணை ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கலாம். அதுவும் வேண்டாம், முகாமின் கழிவை முகாமிலேயே சுத்திகரித்திருந்தால் போதும். ஐக்கிய நாடுகள் நியமித்த நிபுணர் குழுவே 2011-ல் இவற்றைத்தான் பரிந்துரைத்தது. ஒரு கழிவுநீர்த் தொட்டியின் செலவில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

லைபீரியாவுக்கு 2014-ல் எபோலா ஒழிப்பில் உதவ அமெரிக்கா சுமார் 3,000 பேரை அனுப்பியபோது காட்டிய கவனம் வேறு ரகம். தினமும் வெப்பநிலை பார்த்தார்கள், கை கழுவ ஒவ்வொரு வாசலிலும் குளோரின் நீர் வைத்தார்கள், திரும்பியவர்களை 21 நாள் தனியாக வைத்துக் கண்காணித்தார்கள். ஒருவருக்கும் எபோலா வரவில்லை. பயம் இருந்த இடத்தில் ஒழுங்கு தானாக வந்தது. மலேரியாவுக்கும் பேதிக்கும் யாரும் அந்த அளவு பயப்படுவதில்லை என்பதுதான் சிக்கல்.

திரும்பிய பிறகு

2011-ல் ஓர் இளம் அமெரிக்க வீரர் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிச் சில மாதம் கழித்து நியூயார்க் மாநிலத்தில் ரேபிஸ் வந்து இறந்தார். அங்கே இருந்தபோது அவரை நாய் கடித்திருந்தது. கடிக்குப் பிந்தைய ஊசிகள் முறையாக முடிக்கப்படவில்லை. முகாம்களில் தெருநாய்களை வளர்க்கக் கூடாது என்ற விதி அப்போதும் இருந்தது. ஊரை விட்டு வந்து தனிமையில் இருக்கும் இளைஞர்கள் நாய்க்குட்டியைக் கண்டால் விதியையா நினைப்பார்கள்? அவர் இறந்த பிறகு, நாய்க்கடி பதிவானவர்களை எல்லாம் ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து ஊசி போடும் வேலை நடந்தது.

சில கிருமிகளுக்குக் காத்திருப்பதில் அவசரமே இல்லை. தென்கிழக்கு ஆசிய மண்ணிலும் நீரிலும் இருக்கும் மெலியாய்டோசிஸ் கிருமி, அங்கே போர்க் கைதியாக இருந்த ஒருவரிடம் 62 ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டதாக மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட கைதிகளின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு பல பத்தாண்டுகள் தங்கியிருந்தது. இது உடம்புக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகக்கூடிய புழு. வயதான காலத்தில் ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் திடீரென்று பெருகி உயிரையே வாங்கும். ஸ்டீராய்டு எழுதும் மருத்துவருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர் எழுபது வயதுப் பெரியவர். அவர் இருபது வயதில் எங்கே இருந்தார் என்று கேட்கத் தோன்றாது. படையின் மருத்துவக் கோப்போ வேறு அலுவலகத்தில் இருக்கும்.

இப்போதைக்கு இந்தக் கேள்வியை விடாமல் கேட்கும் இடங்களில் ஒன்று ரத்த வங்கி. 1991 வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய சிலரின் உள்ளுறுப்புகளில் லீஷ்மேனியா ஒட்டுண்ணி கண்டுபிடிக்கப்பட்டதும் அங்கே பணியாற்றியவர்களிடம் ரத்தம் வாங்குவதைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். 2003-க்குப் பிறகு ஈராக்கிலிருந்து திரும்பியவர்களுக்கு ஓராண்டுத் தடை வைத்தார்கள். மலேரியாவுக்காகவும் பல நாடுகளில் இதே போன்ற தடை உண்டு. ரத்தம் கொடுக்க வந்த முன்னாள் வீரரிடம் கடைசியாக எந்த நாட்டில் இருந்தீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்று படிவம் கேட்கும். குடும்ப மருத்துவரின் படிவத்தில் அந்த இரண்டு வரிகள் பெரும்பாலும் இல்லை.